கின்னௌர் வழியாக ஸ்பிட்டி: பைக் பயணக் குறிப்புகள்

ராம்பூர், இரவு

நார்கண்டாவில் 2,700 மீட்டர் உயரத்தில் டீக்கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து நடுங்கிக்கொண்டிருந்தோம். மதியத்துக்குள் சட்லஜ் கரையில் நின்று ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்சீட்டில் கட்டுகிறோம். இடையில் இருந்தது முழுக்க இறக்கம்தான். இமயமலைக்குப் போகிறோம் என்று கிளம்பி, முதல் நாளே ஆயிரம் மீட்டருக்கு இறங்கி வேர்த்து வழிவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நானும் மச்சானும், ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கு. இரண்டு ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411. ஒரே மாதிரி வண்டியாக எடுத்ததற்குக் காரணம் உண்டு: ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஜோடி டியூப், ஒரு செட் ஸ்பேனர் இரண்டு பேருக்கும் போதும். வண்டிகள் ரயில் பார்சலில் சண்டிகர் வரை வந்தன. அங்கிருந்து சிம்லா வரை ஓட்டியதில் எழுத ஒன்றுமில்லை, வழியெல்லாம் லாரிதான்.

இறக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று நம்மூர் மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது இங்கேயும் அப்படியே செல்லும். கொல்லிமலையில் 70 வளைவு, வால்பாறையில் 40 என்று வளைவுக்கு எண் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள். நார்கண்டா இறக்கத்தில் யாரும் எண்ணவில்லை. இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே விட்டு, பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டு இறங்கினோம். முன்னால் போன ஒரு காரின் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வளைவுக்கு வளைவு எங்கள் ஹெல்மெட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது.

செப்டம்பர் என்பதால் ஆப்பிள் சீசன். லாரி, ஜீப், டிராக்டர் எல்லாவற்றிலும் அட்டைப்பெட்டி. ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி என்பது மலைச்சாலை விதி. லோடு ஏற்றி ஏறும் லாரியை நிறுத்த வைத்தால் அது மறுபடி கிளம்புவதற்குள் பொழுது போய்விடும். ஒதுங்கி நின்றால் ஒவ்வொரு டிரைவரும் கையைத் தூக்கிவிட்டுப் போகிறார்.

கல்பா

ஜாக்ரி தாண்டியதும் பள்ளத்தாக்கு சுருங்குகிறது. சட்லஜ் ஆற்றைப் பாதி மலைக்குள் போட்டுவிட்டார்கள். மேலே நாத்பாவில் அணை கட்டி, 27 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து ஜாக்ரியில் 1,500 மெகாவாட் எடுக்கிறார்கள். சாலையில் போகும்போது கீழே ஓடுவது மிச்ச ஆறு.

கின்னௌர் மாவட்டம் தொடங்கிய கொஞ்ச தூரத்தில் தராண்டா. படத்தில் எல்லோரும் பார்த்த இடம்தான்: செங்குத்துப் பாறையைக் குடைந்து, மூன்று பக்கம் கல்லும் ஒரு பக்கம் வெறும் காற்றுமாகச் சாலை. படத்தில் தெரியாதது, அந்தப் பாறைக் கூரைக்கு அடியில் நுழைந்ததும் எக்ஸாஸ்ட் சத்தம் மாறுவது. சொந்த வண்டியே பின்னாலிருந்து யாரோ துரத்துவது போலக் கேட்கிறது. கூரை கசிந்து தரை ஈரமாக இருந்தது. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் அந்த ஒன்றிரண்டு நொடி கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதால், நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து கூலிங் கிளாஸைத் தூக்கிவிட வேண்டும்.

இந்தத் தடத்துக்கு வயது அதிகம். டல்ஹௌசி பிரபு காலத்தில், 1850-இல், திபெத்தோடு வணிகம் செய்யக் கோவேறு கழுதைப் பாதையாகத் தொடங்கிய ஹிந்துஸ்தான்–திபெத் சாலைதான் இப்போதைய தேசிய நெடுஞ்சாலை 5-க்கு முன்னோடி. பழைய பாதை பல இடங்களில் மேலே காட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. கீழே புதிதாக வெட்டியதில்தான் நாம் போகிறோம். வெட்டிய மலை அடங்கி இருக்காது. 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் மலை சரிந்து, போய்க்கொண்டிருந்த அரசுப் பேருந்து மண்ணுக்குள் போனது. அந்த இடத்தை இன்று கடந்தோம். நல்ல தார்ச்சாலை, நல்ல வெயில். மச்சான் தண்ணீர் குடிக்க நிறுத்தப் போனான். “இங்க வேணாம், அடுத்த பாலத்துல நிறுத்து” என்று இன்டர்காமில் சொன்னேன். சரிவுக்கு அடியில் நிற்காதே, தலைக்கு மேல் பார்க்காமல் போட்டோ எடுக்காதே: இந்த இரண்டுதான் இந்தப் பக்கம் முக்கியமான டிராஃபிக் விதி.

போவாரியில் டேங்க் நிரப்பி, ரெக்காங் பியோ வழியாகக் கல்பாவுக்கு ஏறினோம். அறையைத் திறந்தால் எதிரே கின்னர் கைலாஷ். 6,050 மீட்டர்.

கல்பா, மறுநாள்

இன்று வண்டி ஓடவில்லை. உடம்புக்கு விடுமுறை. இந்த வழியை நாங்கள் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். மணாலியிலிருந்து வந்தால் 2,000 மீட்டரில் தூங்கி எழுந்து மதியத்துக்குள் 4,500 மீட்டரில் நிற்க வேண்டும். கின்னௌர் வழியில் உயரம் தவணையில் வருகிறது. கல்பா 2,900, அடுத்து நாக்கோ 3,600, அப்புறம்தான் காஸா. ஸ்பிட்டிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பவர்கள், எத்தனை மீட்டர் என்று கேட்டால் நல்லது.

பக்கத்து ஊரான ரோகி வரை நடந்துவிட்டு வந்தோம். 1951 அக்டோபரில், பனி விழுவதற்குள் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று நாட்டின் மற்ற பகுதிகளுக்கு முன்பாகவே இங்கே வாக்குப்பதிவு வைத்தார்கள். அப்படித்தான் சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் கல்பாவைச் சேர்ந்த ஷியாம் சரண் நேகி என்றானது. 2022 நவம்பரில் இறப்பதற்குச் சில நாள் முன்புகூட தபால் ஓட்டுப் போட்டார்.

செயினுக்கு எண்ணெய் விட்டேன். மச்சான் தூங்கினான்.

நாக்கோ

ஒரே நாளில் பச்சை முடிந்துவிட்டது. பியோவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தேவதாரு குறைந்து, ஸ்பில்லோ வரும்போது மலை மொட்டையாகிவிடுகிறது. பருவமழை மேகங்களை முன்னால் இருக்கும் மலைத்தொடர்களே பிடித்துக்கொள்கின்றன. பின்னால் வருவது புழுதிதான்.

காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லஜில் சேர்கிறது. சட்லஜ் திபெத்திலிருந்து ஷிப்கி லா கணவாய்ப் பக்கமாக உள்ளே வருகிறது. அதை இங்கே விட்டுவிட்டு ஸ்பிட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாலம் தாண்டியதும் ‘கா’ கிராமத்து வளைவுகள். மண்நிற மலைமேல் சாலை மடிந்து மடிந்து ஏறுகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் ஆறு இன்னும் கீழே போகிறது. கொண்டை ஊசி வளைவில் பாரம் ஏற்றிய பைக்கை ஓட்ட ஒரே சூத்திரம்தான்: போக வேண்டிய இடத்தைப் பார். முன் சக்கரத்தைப் பார்த்தால் முன் சக்கரத்தோடு நிற்பாய், பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குப் போவாய். வளைவுக்குள் நுழையும்போதே கழுத்தைத் திருப்பி அடுத்த சாலையைத் தேடினால் வண்டி தானாக வந்துவிடும். உள்வளைவு செங்குத்தாக இருக்கும், சரளையும் அங்கேதான் சேரும். அதனால் எதிரே வண்டி இல்லை என்றால் அகலமாக எடுப்பது நல்லது. ஹார்ன் கட்டாயம்.

மச்சானுக்கு லேசான தலைவலி. தண்ணீர், பூண்டு போட்ட சூப், சீக்கிரம் தூக்கம்.

தாபோ

காலையில் மல்லிங் ஓடைப் பக்கம் எந்த வம்பும் இல்லை. முன்பெல்லாம் மலை அங்கே ஓயாமல் சரிந்துகொண்டிருந்தது. இப்போது சாலையை மேலே தள்ளிப் போட்டுவிட்டார்கள். வம்பு சாங்கோ இறக்கத்தில் வந்தது. எனக்கு முன்னால் போன மச்சானின் பின்பக்கம் வால் ஆட்ட ஆரம்பித்தது. பஞ்சர்.

ஹிமாலயனில் ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். டியூப்லெஸ் என்றால் திரியைக் குத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் போகலாம். இதற்குச் சக்கரத்தையே கழற்ற வேண்டும். சாலையோரம் ஒரு தட்டையான இடம் பார்த்து, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, செயினை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து நழுவவிட்டுச் சக்கரத்தை உருவினோம். கஷ்டமே இனிமேல்தான். டயர் ரிம்மில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. மச்சான் பூட்ஸோடு டயர் மேல் ஏறி நின்று குதித்தான். ஒரு மூலையில் ‘டப்’ என்று விட்டது. அதன்பின் டயரை நெம்பும் இரண்டு லீவர், ஒவ்வொரு விரற்கடையாக. டியூபை உருவிக் காற்றடித்துக் காதோரம் வைத்துச் சுற்றினால் ஓட்டை எங்கே என்று கன்னத்துக்குத் தெரிந்துவிடும். டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம், குத்தியது இன்னும் இருக்கிறதா என்று. இருந்தது. ஊசிபோல ஒரு கருங்கல் சில்லு. அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டிருந்தால் அடுத்த கிலோமீட்டரில் அதுவும் போயிருக்கும்.

திரும்ப மாட்டும்போது டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் சறுக்கி உட்காரும். லீவரில் புது டியூபைக் கடித்துவிடாமல் இருக்க, டியூபில் கொஞ்சம் காற்று வைத்திருக்க வேண்டும். கைப்பம்பு அடிக்கும்போதுதான் 3,000 மீட்டர் உயரம் என்றால் என்ன என்று நுரையீரல் சொல்லிக் கொடுத்தது. இருபது அடிக்கு ஒருதரம் ஆள் மாற்றினோம். ஆப்பிள் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று, ஒன்றும் பேசாமல் பம்பை வாங்கி, மூச்சு வாங்காமல் மீதியை அடித்துக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு ஆப்பிளும் தந்துவிட்டுப் போனார்.

சும்தோவில் பதிவேட்டில் பெயர் எழுதி ஸ்பிட்டிக்குள் நுழைந்தோம். இந்தியர்களுக்கு அடையாள அட்டை போதும், வெளிநாட்டினருக்குத்தான் தனி அனுமதி. கியூ கிராமத்தில், உட்கார்ந்த நிலையிலேயே பதப்பட்டுவிட்ட புத்தத் துறவியின் உடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஐந்நூறு வருடத்துக்கு மேல் பழையது, 1975 நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளியே வந்தது. பல் தெரிகிறது. மச்சான் உள்ளே வரவில்லை.

தாபோ மடம் 996-இல் கட்டியது. தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சில வருடம் மூத்தது, ஆனால் முழுக்க மண். வெளியே பார்த்தால் மண் குதிர் போலத்தான் இருக்கிறது. உள்ளே போனால் இருட்டு. டார்ச் வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் சுவரிலிருந்து ஒரு முகம், ஒரு கை, நீலமும் சிவப்புமாக ஒரு கூட்டம். படம் எடுக்க அனுமதி இல்லை. அதனாலேயே நிறைய நேரம் நின்று பார்த்தோம். மழையே வராத ஊரில்தான் மண் சுவர் ஆயிரம் வருடம் நிற்கும். இப்போது இங்கேயும் முன்பைவிட மழை வருகிறது என்று மடத்து வாசலில் இருந்த துறவி ஹிந்தியில் சொன்னார்.

காஸா

குறைந்த தூரம். தங்கருக்கு ஏறி இறங்கியதுதான் வேலை. கீழே ‘பின்’ என்ற ஆறு ஸ்பிட்டியோடு சேரும் இடம் முழுவதும் தெரிகிறது. ஒரு காலத்தில் ஸ்பிட்டியின் தலைநகர் அந்த மலை முகட்டில்தான் இருந்தது. ஏன் என்று கேட்கவே வேண்டாம், பள்ளத்தாக்கில் எறும்பு ஊர்ந்தாலும் மேலிருந்து தெரியும்.

காஸாவில் பெட்ரோல். போவாரியில் நிரப்பியதற்கு அப்புறம் இங்கேதான். வழி நெடுக 15 லிட்டர் டேங்க்கில் பாதிக்கும் மேல் மிச்சம் இருந்தும், இரண்டு வண்டியையும் விளிம்பு வரை நிரப்பினோம். அடுத்த பம்ப் குன்ஸும் தாண்டி, அந்தப் பக்கம் லாஹௌலில் இறங்கிய பிறகுதான்.

காஸா, மறுநாள்: பலகைகள்

இன்று சுற்றியது லாங்ஸா, ஹிக்கிம், கோமிக், கீ, கிப்பர், சிச்சம். எங்கே பார்த்தாலும் ‘உலகிலேயே உயரமான’. பெட்ரோல் பம்ப், தபால் நிலையம், கிராமம் எல்லாமே. முன்பு கிப்பருக்கு இருந்த பட்டம் இப்போது கோமிக்குக்கு: சாலை போகும் கிராமங்களிலேயே உயரமானது, 4,587 மீட்டர். பெரு நாட்டில் லா ரிங்கோனாடா என்று ஓர் ஊர் 5,100 மீட்டர் உயரத்தில் சாலையோடும் ஆயிரக்கணக்கான ஜனங்களோடும் இருக்கிறது. அவர்களிடம் யாரும் சொல்லாமல் இருந்தால் சரி.

பலகை முன்னால் வரிசையில் நின்று, போட்டோ எடுத்து, பைக்கைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். கோமிக்கில் இருந்த நேரத்தில் வந்த ஆறேழு வண்டியில் ஒருவர்கூட மடத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஹிக்கிம் தபால் நிலையம் மட்டும் விதிவிலக்கு. 1983 முதல் நடக்கிறது. அஞ்சலட்டை வாங்கி அம்மாவுக்கு எழுதினேன். நான் ஊர் திரும்பிய பிறகுதான் போய்ச் சேரும்.

லாங்ஸா வழியில் கூழாங்கல்லைத் திருப்பினால் சுருள் சுருளாக அம்மோனைட் புதைபடிவம். இந்தியத் துண்டு வந்து ஆசியாவில் முட்டுவதற்கு முன் இங்கே டெதிஸ் கடல் இருந்தது. பையன்கள் ஓடி வந்து விற்கப் பார்க்கிறார்கள். வாங்காதீர்கள், எடுத்துப் போவதும் தப்பு.

வண்டி சமாச்சாரம்: 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தால் சக்தியும் குறையும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி, அழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அந்த அறிவு கிடையாது, அதே அளவு பெட்ரோலை ஊற்றிக் கரும்புகை விடும். எங்கள் இரண்டும் இன்ஜெக்‌ஷன்தான். இருந்தாலும் கோமிக் ஏற்றத்தில் மூன்றாவது கியர் எடுக்கவில்லை, இரண்டிலேயே முக்கிக்கொண்டு ஏறின. சிச்சம் பாலம் 2017-இல் திறந்தது. அதற்கு முன்பு அந்தப் பிளவைக் கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து, கயிற்றை இழுத்துக் கடந்தார்கள். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்த மச்சான், “கூடைல போயிருந்தா நான் இந்தப் பக்கமே குடியிருந்திருப்பேன்” என்றான்.

சந்திரதால் முகாம்

லோசார் வரை சொகுசு. அப்புறம் குன்ஸும் லா கணவாய். 4,551 என்றும் 4,590 என்றும் இரண்டு கணக்கு புழங்குகிறது. உச்சியில் கோயிலை வண்டிகள் வலம் வந்துவிட்டுப் போகின்றன. நாங்களும் வந்தோம். எதிர்க்காற்றில் ஸ்டாண்ட் போட்ட வண்டி ஆடியது. இறக்கத்தில் தார் மறைந்தது.

சந்திரதால் ஏரி 2005-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. கரையில் கூடாரம் போட விடமாட்டார்கள், முகாம்கள் தள்ளித்தான். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஏரிக்கு நடை. ஏரியைப் பற்றி எழுத நான் லாயக்கில்லை. பார்த்துக்கொண்டே இருந்தோம், நிறம் மாறிக்கொண்டே இருந்தது, குளிர் விரட்டியது.

நாளை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். மச்சானுக்குச் சொல்லியாயிற்று.

மணாலி

ஐந்தரைக்கு சீட் மேல் பனி உறைந்து வெள்ளையாக இருந்தது. செல்ஃப் இரண்டு முறை முனகிவிட்டு எடுத்தது. குளிரில் பேட்டரி சோம்பும், எஞ்சின் ஆயில் கெட்டிப்படும். நன்றாகச் சூடாகும் வரை முறுக்காமல் விட்டோம்.

பாத்தலில் சந்திரா ஆற்றுப் பாலம் தாண்டியதிலிருந்து கிராம்பூ வரை சாலை என்று சொல்வது மரியாதைக்காக. அகலப்படுத்தும் வேலை அங்கங்கே நடக்கிறது. மற்ற இடங்களில் உருண்டைக் கற்கள், நடுவில் ஓடைகள். பனிப்பாறை ஓடைகளுக்குக் கடிகாரம் உண்டு. இரவுக் குளிரில் உருகுவது நின்றுவிடும், விடியற்காலையில் கணுக்கால் தண்ணீர். வெயில் ஏற ஏற உருகி, மதியத்துக்கு மேல் முழங்காலைத் தாண்டி, கல்லையும் உருட்டிக்கொண்டு வரும். இந்த நாள் முழுவதையும் தீர்மானிப்பது அந்தக் கடிகாரம்தான்.

சோட்டா தாரா தாண்டி ஒரு பெரிய ஓடை. நான் முதலில் நடந்து பார்த்தேன். காலைத் தண்ணீர் தெளிவாக இருந்ததால் அடி தெரிந்தது. லாரிச் சக்கரம் போகும் தடத்தில் கல் படிந்து கெட்டியாக இருக்கும், அதைக் குறித்துக்கொண்டேன். முதல் கியர், கிளட்சை முழுக்க விட்டு, ஆக்ஸிலேட்டர் ஒரே சீராக, கண் எதிர்க்கரையில். முன் சக்கரம் கல்லில் ஏறி இடதும் வலதுமாகத் தள்ளும், அதோடு சண்டை போடக்கூடாது. பிடியைத் தளர்வாக வைத்தால் தானே நேராகும். ஏறிவிட்டேன். மச்சான் நடுவில் வந்தபோது பின் சக்கரம் ஒரு உருண்டைக் கல்லுக்குப் பின்னால் சிக்கிச் சுழன்றது. வண்டி மெதுவாக, மிக மெதுவாக, ஆற்றின் போக்குப் பக்கமாகவே சாய்ந்தது. உடனே எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சைத் தட்டிவிட்டான். அதுதான் எஞ்சினைக் காப்பாற்றியது, ஓடிக்கொண்டே தண்ணீரை உறிஞ்சியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். பாரத்தோடு இருநூறு கிலோவுக்கு மேல். பூட்ஸுக்குள் பனித்தண்ணீர் ஊற்றியதும் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எதிரே வந்த லாரியின் கிளீனர் குதித்து வந்து பின்னால் கிராப் ரெயிலைப் பிடித்தான். மூன்று பேரும் தூக்கி நிமிர்த்தி, அப்படியே கரைக்குத் தள்ளினோம். ஏர் ஃபில்டர் நனையவில்லை. ஒரு கண்ணாடி போச்சு, பிரேக் லீவர் வளைந்தது. செல்ஃப் அடித்ததும் எடுத்துக்கொண்டது. “பன்னிரண்டு மணிக்கு வந்திருந்தால் வண்டியை கீழே சத்ரு என்ற ஊரில் போய்த்தான் பொறுக்கியிருப்பீர்கள்” என்று லாரி டிரைவர் ஹிந்தியில் சொல்லி பீடி நீட்டினார்.

கிராம்பூவில் தார் கிடைத்தது. கோக்சர், அப்புறம் அடல் சுரங்கம். 9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபரில் திறந்தது. ஒரு மழைத்துளி, ஒரு கல், ஒரு வளைவு கிடையாது. காலையிலிருந்து ஒரு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் கடந்துகொண்டிருந்தவர்களுக்கு அது ஏமாற்று வேலை போலத் தோன்றியது. வெளியே வந்தால் மறுபடி பச்சை, ஈரம், டிராஃபிக்.

மணாலியில் பிரேக் லீவரை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது கோயம்புத்தூர்ப் பையன்கள் நாலு பேர் வண்டி நம்பரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நாளைக்குக் காஸாவாம்.

“எத்தனை மணிக்குத் தம்பி கிளம்புறீங்க?”

“பத்து பத்தரை ஆயிரும்ணா. டிபன் ரூம் வாடகையோட சேர்த்து குடுக்கறாங்க.”

ஓடைக் கணக்கை மச்சானே உட்கார்ந்து விளக்கினான், உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு. ஒருநாள் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் சிஸ்ஸுவில் தங்கி, அங்கிருந்து விடியற்காலை கிளம்புவதாகக் கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு வண்டி ஹிமாலயன் என்பதால், எங்களிடம் மிச்சமிருந்த டியூபையும் டயர் லீவர்களையும் கொடுத்துவிட்டோம்.